ஸ்பைரோ நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறது: செனான் வாயு எம்ஆர்ஐ எடுத்த அனுபவம்

வடக்குக்காற்று:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கிறேன். 2020 ஏப்ரலில் கொரோனா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வென்டிலேட்டர் வரைக்கும் போகவில்லை, ஆக்சிஜன் மாஸ்க்கோடு தப்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனது. மாடிப்படி ஏறினால் மட்டும் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருந்தது. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறவே முடியாது. சிடி எடுத்தார்கள், சுத்தம். ஸ்பைரோ என்கிற ஊதுகிற டெஸ்ட் எடுத்தார்கள், நார்மல். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தால் 97. நான் பார்த்த ஒரு டாக்டர், "எல்லாம் நன்றாக இருக்கிறது, மனப்பதற்றமாக இருக்கலாம், கவுன்சிலிங் போய்ப் பாருங்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுதது எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். செனான் என்கிற வாயுவை உள்ளே இழுக்க வைத்து எம்ஆர்ஐ எடுப்பார்கள். மார்பைச் சுற்றி ஒரு மேல்சட்டை மாதிரி காயில், அதாவது சிக்னலைப் பிடிக்கிற கம்பிச்சுருள், கட்டிப் படுக்க வைத்தார்கள், மூக்கில் கிளிப். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு லிட்டர் பை, பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. "இழுங்கள், விடுங்கள், இழுங்கள், விடுங்கள், இப்போது பையிலிருந்து முழுசாக இழுங்கள், பிடியுங்கள்" என்றார்கள். பதினைந்து செகண்டுக்குள் முடிந்துவிட்டது. தலை லேசாகக் கிறுகிறுத்தது, உதடு மரத்த மாதிரி ஒரு உணர்வு, ஒரு நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. பேசினால் என் குரல் ஆண் குரல் மாதிரிக் கட்டையாக வந்தது, பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டார்.

முடிவை உட்காரவைத்து விளக்கினார்கள். காற்று நுரையீரலில் கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் போகிறதாம், ஆனால் அங்கிருந்து ரத்தத்துக்குள் போவது குறைவாக இருக்கிறதாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறேன். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். காற்று போகிறது, ரத்தத்துக்குப் போகவில்லை என்பதை ஒரு படத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

லேசர்முத்து:

அக்கா, அந்தப் பையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற வேலையை நான் நாலு வருடம் பார்த்திருக்கிறேன், கனடாவில் ஒரு ஆய்வுக்கூடத்தில். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சாதாரண எம்ஆர்ஐ பார்ப்பது ஹைட்ரஜனை, அதாவது பெரும்பாலும் உடம்பில் இருக்கிற தண்ணீரை. நுரையீரலில் பெரும்பகுதி காற்றுதான், தண்ணீர் கம்மி. அதோடு காற்றும் திசுவும் கோடிக்கணக்கான இடங்களில் ஒட்டி நிற்பதால் காந்தப்புலம் அங்கே கலைந்து, வருகிற கொஞ்ச சிக்னலும் உடனே செத்துவிடும். அதனால்தான் எம்ஆர்ஐ படத்தில் மூளை, முட்டி எல்லாம் அழகாகத் தெரியும், நுரையீரல் மட்டும் கறுப்பு ஓட்டையாக இருக்கும். சரி, காற்றையே படம் பிடித்தால் என்ன என்பதுதான் யோசனை. ஆனால் வாயுவில் அணுக்கள் விலகி விலகி இருக்கின்றன, அதிலும் காந்தத்துக்குள் வைத்தால் பத்து லட்சத்தில் சில அணுக்கள் அளவுக்குத்தான் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் கூட்டம் மிஞ்சும், மற்றவை ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தச் சிக்னலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இங்கேதான் லேசர் வருகிறது. ருபிடியம் என்கிற உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, 795 நானோமீட்டர் லேசரை அதன் மேல் அடிப்போம். அந்த ஒளியின் சுழற்சியை ருபிடியத்தின் எலக்ட்ரான் வாங்கிக்கொள்ளும். அந்த ருபிடியத்தோடு செனான் அணு மோதும்போது சுழற்சி செனான் கருவுக்குக் கைமாறும். இப்படிச் செய்தால் நூற்றில் இருபது, முப்பது பங்கு அணுக்கள் ஒரே பக்கம் திரும்பிவிடும், சிக்னல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஏறும். ஒளியால் அணுவைத் திருப்புகிற இந்த அடிப்படைக்குத்தான் ஆல்பிரட் காஸ்ட்லருக்கு 1966இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அவர் நுரையீரலை நினைத்துச் செய்யவில்லை. 1994இல்தான் பிரின்ஸ்டன், ஸ்டோனி புரூக் ஆட்கள் சேர்ந்து ஒரு எலியின் நுரையீரலுக்குள் செனானை நிரப்பி முதல் படத்தை எடுத்தார்கள்.

அந்த ஓட்டமும் நடையும் ஏன் என்றால், திருப்பி வைத்த அணுக்கள் அப்படியே நிற்காது. பைக்குள் ஒரு மணி நேரம் போல தாக்குப்பிடிக்கும், ஆனால் ஆக்சிஜன் பட்டால் வேகமாகச் சரிந்துவிடும். உங்கள் நெஞ்சுக்குள் போனதும் அங்கே ஆக்சிஜன்தானே இருக்கிறது? இருபது செகண்டுக்குள் பாதிக் கதை முடிந்துவிடும். அதனால்தான் ஒரே மூச்சில் மொத்தப் படத்தையும் எடுத்தாக வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. செனான் கொஞ்சம் கரையக்கூடியது. உள்ளே போனதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு காற்றுப்பையின் சவ்வுக்குள் கரைந்து, அதைத் தாண்டி ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் போகும், அதாவது ஆக்சிஜன் போகிற அதே வழியில். அழகு என்னவென்றால், காற்றில் இருக்கும்போது செனான் ஒரு சுருதியில் பாடும், சவ்வில் கரைந்தால் இன்னொரு சுருதி, சிவப்பணுவுக்குள் போனால் மூன்றாவது சுருதி. 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) மெஷினில் செனானின் அடிப்படை அலைவரிசை சுமார் 17.7 மெகாஹெர்ட்ஸ். சவ்வில் கரைந்தால் அதிலிருந்து சுமார் 3500 ஹெர்ட்ஸ் தள்ளிப் போகும், சிவப்பணுவில் இன்னும் ஒரு 350 ஹெர்ட்ஸ். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுவிடலாம். சவ்வில் எவ்வளவு, சிவப்பணுவில் எவ்வளவு என்று விகிதம் போட்டால், ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது குறைகிறதா என்று தெரிந்துவிடும். உங்களுக்கு அந்த விகிதம்தான் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வடக்குக்காற்று:

தம்பி, சுருதி என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. ஆமாம், விகிதம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். பேப்பரில் சுருதிக்கு ஒன்றாக மூன்று கூம்பு மாதிரி வரைந்து காட்டினார்கள், மூன்றாவது கூம்பு குட்டையாக இருந்தது.

நெல்லைநெஞ்சுமருத்துவர்:

நான் திருநெல்வேலிப் பக்கம் நெஞ்சக மருத்துவராக இருக்கிறேன். முதலில் அந்தச் சகோதரிக்கு: உங்கள் அனுபவத்தை நான் நம்புகிறேன். டெஸ்ட் நார்மல் என்பதற்கும் நோயாளி நார்மல் என்பதற்கும் இடையே இருக்கிற தூரத்தை என் ஓபியில் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு மூச்சுவாங்குகிறவர்களிடம் ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு ஆட்கள் 2021இல் வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தது 9 நோயாளிகள்தான். பிறகு வந்தவையும் சின்னவைதான். படம் மாறியிருக்கிறது என்பது உண்மை, அந்த மாற்றம்தான் மூச்சுவாங்குவதற்குக் காரணம் என்பது அடுத்த படி, அதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது என்பது அதற்கும் அடுத்த படி. முதல் படியில் நின்றுகொண்டு மூன்றாவது படியை எட்டிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. வாழ்நாளில் சிகரெட்டே தொடாத, ஸ்பைரோ நார்மலான, எந்தத் தொந்தரவும் இல்லாத வயதானவர்களுக்கு இந்தப் படம் எடுத்துப் பார்த்ததில் அவர்களில் பலருக்கும் காற்றுப் போகாத திட்டுகள் இருந்தன. அப்படியானால் எந்தத் திட்டு நோய், எந்தத் திட்டு வயசு?

என் ஊர் நிலவரம் வேறு. பத்து வருடமாக இன்ஹேலர் அடிக்கிறேன் என்று வருகிறவரிடம் "ஸ்பைரோ ஊதியிருக்கிறீர்களா" என்று கேட்டால் "அப்படின்னா?" என்பார். ஐந்து நிமிட டெஸ்ட் அது. அதையே எடுக்காதவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு செனான் எங்கே எடுப்பார்கள் என்று அலையக் கூடாது என்பதுதான் என் கவலை.

யாழ்_எம்ஆர்:

டாக்டர் சொல்வது சரி. ஆனால் ஸ்பைரோ எதைக் காட்டாது என்பதையும் சேர்த்துக் கதைக்க வேண்டும். நான் டொரன்டோவில் எம்ஆர்ஐ ரேடியோகிராஃபர், யாழ்ப்பாணம் சொந்த இடம். ஸ்பைரோ என்பது வாயில் நின்று கணக்கெடுப்பது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணுகிற மாதிரி. உள்ளே எந்த மூலையில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. சின்ன மூச்சுக்குழாய்கள் நிறைய அடைபட்டாலும் மொத்த எண் ஆடாமல் இருக்கும், ஏனென்றால் அவை ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஒன்று அடைத்தால் மற்றது சமாளிக்கும். நுரையீரலின் மௌனப் பகுதி என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

ஆஸ்துமாக்காரருக்கு இந்தப் படம் எடுத்தால் சரியான வித்தியாசம் தெரியும். நல்ல நுரையீரல் முழுக்க ஒரே சீராக நிரம்பியிருக்கும். அவர்களுக்கு ஆப்பு ஆப்பாக, கேக்கில் துண்டு வெட்டி எடுத்த மாதிரி கறுப்பாக இருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்ப்யூட்டமால் மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் சில ஆப்புகள் மறைந்துவிடும், சில அப்படியே இருக்கும். ஆஸ்துமா என்றால் குழாய்கள் எல்லாம் அங்கே இங்கே என்று சுருங்கி விரியும் என்றுதான் படித்தோம், ஆனால் மாதங்கள், வருடங்கள் கழித்து எடுத்தாலும் அதே இடத்தில் அதே ஆப்பு நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். லண்டன் என்றால் இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்டாரியோவில் இருக்கிற லண்டன், அங்கே கிரேஸ் பாராகா என்ற ஆய்வாளரின் குழு இதைப் பல வருடமாகச் செய்கிறது. அந்த இடத்தில் சளி கட்டியாக அடைத்திருந்தால் அதற்கான சிகிச்சை வேறு. இது ஸ்பைரோவால் சொல்ல முடியாத விஷயம்தானே, டாக்டர்?

நெல்லைநெஞ்சுமருத்துவர்:

முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கடும் ஆஸ்துமாவுக்கு இப்போது ஊசி மருந்துகள் வருகின்றன, விலை கைக்கு எட்டாது, யாருக்குக் கேட்கும் யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டித் தெரிந்தால் எத்தனை குடும்பத்தின் காசு மிச்சமாகும். அந்த இடத்தில் இந்தப் படத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். நான் எதிர்ப்பது அவசரத்தை மட்டும்தான்.

ஒஹையோஅம்மா:

என் பையனுக்கு 13 வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்குகிற பிறவி நோய். நம் ஆட்களுக்கு இந்த வியாதி அபூர்வம் என்பார்கள், அந்த அபூர்வம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவனுக்கு ஊதுகிற டெஸ்ட் எப்போதும் 95, 98 என்று வரும், நாங்களும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் ராத்திரி இருமல் மட்டும் நிற்கவே இல்லை. போன வருடம் செனான் படம் எடுத்தார்கள். வலது மேல் பக்கத்தில் இரண்டு இடம் கறுப்பு. அன்றைக்கு எனக்குக் கோபமா, நிம்மதியா என்றே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர் இப்போது அவனை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து முதுகைத் தட்ட வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார். முன்பெல்லாம் குத்துமதிப்பாகத் தட்டுவோம்.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற எஃப்டிஏ 2022 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தபோது 12 வயதுக்கு மேல் என்றுதான் கொடுத்தார்கள், ஜெனோவியூ என்று அந்த மருந்துக்குப் பெயர். ஆமாம், வாயுவையும் மருந்தாகத்தான் கணக்கு வைக்கிறார்கள். இவன் 12 ஆகும் வரை நாங்கள் காத்திருந்தோம். கதிர்வீச்சு இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம். சின்ன வயசிலிருந்து எத்தனை எக்ஸ்ரே, எத்தனை சிடி என்று எண்ணிக்கொண்டே இருக்கிற தாய்க்கு அது புரியும்.

வடக்குக்காற்று:

தங்கச்சி, முதுகைத் தட்டுகிற இடம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

ஆக்சிஜன்பிளான்ட்_ஓய்வு:

வணக்கம். நான் உருக்காலையில் ஆக்சிஜன் பிளான்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், நானும் ஊதுகிறேன். செனான் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, பெரிய கோபுரத்தில் விட்டு நைட்ரஜனை மேலேயும் ஆக்சிஜனைக் கீழேயும் பிரிப்போம். கீழே தேங்குகிற திரவ ஆக்சிஜனில்தான் கிரிப்டானும் செனானும் போய் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் அவற்றின் கொதிநிலை அதிகம். பெரிய பிளான்டாக இருந்தால்தான் அதைத் தனியாக எடுத்தால் கட்டுப்படியாகும், சின்ன பிளான்டில் விட்டுவிடுவார்கள். காற்றில் செனான் நூறு கோடி பங்கில் 87 பங்குதான். ஒரு லிட்டர் செனான் வேண்டுமென்றால் ஒரு கோடி லிட்டருக்கு மேல் காற்றைப் பிழிய வேண்டும். 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் லண்டனில் இதைக் கண்டுபிடித்தபோது கிரேக்கத்தில் அந்நியன் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அந்த அந்நியன் ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் போய் வழி பார்த்துவிட்டு வருகிறான் என்பது இத்தனை வயதில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி.

ஒரு சந்தேகம். இது ரேடியோ ஆக்டிவ் செனானா? எனக்கு ஒருமுறை நுரையீரலுக்கு நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? என்னைப் போன்றவனுக்கு இதனால் குணம் உண்டா?

லேசர்முத்து:

ஐயா, வேறு வேறு. நியூக்ளியர் மெடிசினில் முன்பு செனான் 133 பயன்படுத்தினார்கள், அது கதிர்வீசும். இப்போது பெரும்பாலும் டெக்னீசியம் என்கிற வேறொரு கதிர்வீசும் பொருள்தான். நாங்கள் எடுப்பது செனான் 129, கதிரே வீசாது, நீங்கள் பிளான்டில் பிரித்த செனானில் நூற்றில் 26 பங்கு இதுதான். சிக்னல் கூட வேண்டும் என்பதற்காக 129ஐ இன்னும் செறிவாக்கி வாங்குவோம்.

ஆரம்பத்தில் ஹீலியம் 3 தான் ராஜா. மனிதர்களிடம் நல்ல படங்கள் 1996லேயே அதில்தான் வந்தன, சிக்னலும் செனானைவிடப் பலம். ஆனால் ஹீலியம் 3 கிடைப்பது டிரிடியம் என்கிற கதிர்வீசும் ஹைட்ரஜன் சிதைவதால், டிரிடியம் இருப்பது அணுகுண்டுக் கையிருப்பில். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா துறைமுகங்களில் நியூட்ரான் உணரும் கருவிகளை வைக்க ஆரம்பித்தது, அதற்கும் ஹீலியம் 3 வேண்டும். 2009 வாக்கில் கையிருப்பு வற்றிப்போய் ஆய்வுக்கூடங்களுக்குக் கிடைக்காமல் ஆனது. வேறு வழியில்லாமல்தான் எல்லோரும் செனானுக்குத் திரும்பினோம். திரும்பிய பிறகுதான் கரைகிற குணத்தின் அருமை முழுசாகப் புரிந்தது, ஹீலியம் ரத்தத்துக்குள் இப்படிப் போகாதே.

யாழ்_எம்ஆர்:

ஐயாவின் கடைசிக் கேள்விக்கு: இது பார்க்கிற வழி மட்டும்தான், குணப்படுத்தாது. உங்கள் இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம். செனான் எம்ஆர்ஐ வேண்டும் என்று பக்கத்து ஸ்கேன் சென்டரில் போய்க் கேட்டால் கிடைக்காது. வழக்கமான மெஷின் ஹைட்ரஜனின் அலைவரிசைக்கு மட்டும் கட்டியது, செனானுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், தனி காயில், பக்கத்து அறையில் லேசர் மெஷின், அதை ஓட்ட ஒரு ஆள் எல்லாம் தேவை. அந்த ஆள் லீவில் போனால் அன்றைக்கு ஸ்கேன் இல்லை. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு வேறு வழி பிடித்திருக்கிறார்கள். பெர்ஃப்ளூரோபுரொப்பேன் என்ற வாயு, 79 பங்கு அது, 21 பங்கு ஆக்சிஜன். லேசர் வேண்டாம், பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நோயாளி சில தரம் மூச்செடுத்து நிரப்பிக்கொண்டு பிறகு பிடிக்கலாம், உள்ளே ஆக்சிஜனும் சேர்ந்தே போகும். அதில் இருக்கிற ஃபுளோரினைப் படம் பிடிப்பார்கள். நுரையீரல் மாற்று அறுவை செய்தவர்களிடம் இதைப் பார்த்து 2024 கடைசியில் வெளியிட்டார்கள். மாற்றி வைத்த நுரையீரலை உடம்பு மெதுவாக ஒதுக்கத் தொடங்கும்போது சின்னக் குழாய்களில்தான் முதலில் தெரியும், ஸ்பைரோ எண் விழுவதற்குள் நாள் போய்விடும்.

நெல்லைநெஞ்சுமருத்துவர்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வாயு நமக்குப் புதிதல்ல, விழித்திரை பிரிந்துபோனவர்களுக்குக் கண்ணுக்குள் குமிழியாக விடுகிறார்களே, அதேதான். எங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரியிலும் அந்தச் சிலிண்டர் இருக்கும். ரத்தத்தில் கரையாது என்பதால் சகோதரிக்குக் கண்டுபிடித்த விஷயத்தை இது காட்டாது, காற்றோட்டத்தை மட்டும்தான் காட்டும். அது பரவாயில்லை. எங்களுக்கு முதலில் வேண்டியதே அதுதான். டிபி குணமாகி இருபது வருடம் ஆன பிறகு மூச்சு இளைக்கிறது என்று வருகிறார்களே, கிருமி இல்லை, மருந்து முடிந்தது, ஆனால் நுரையீரல் தழும்பு. எக்ஸ்ரேயில் தழும்பு தெரியும், மிச்சம் இருக்கிற நல்ல பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியாது. அவர்களுக்கு ஒரு நாள் இதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஒஹையோஅம்மா:

அக்கா, உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது? படத்தில் தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? அதை நீங்கள் சொல்லவே இல்லையே.

வடக்குக்காற்று:

மருந்து ஒன்றும் தரவில்லை தங்கச்சி, டாக்டர் ஐயா சொன்ன மூன்றாவது படி இன்னும் வரவில்லை. மூச்சுப் பயிற்சிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள், வாரம் இரண்டு நாள். முன்பு நடந்தால் களைத்துப்போய், நமக்குத்தான் மனசு சரியில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் வேகமாக நடப்பேன், மறுநாள் படுத்துவிடுவேன். இப்போது எவ்வளவு முடியுமோ அவ்வளவு. என் கணவரும் மாறியிருக்கிறார். அந்தக் குட்டைக் கூம்பை அவரும் பார்த்தார், அன்றிலிருந்து துணிக்கூடையை அவரே மேலே கொண்டுபோய் வைத்துவிடுகிறார், ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அடுத்த மாதம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், விகிதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. போன தடவை கடைசி இரண்டு செகண்ட் மூச்சை விட்டுவிட்டேன், படத்தின் ஓரம் கலங்கிவிட்டது என்றார்கள். அதனால் வீட்டிலேயே பழகுகிறேன். மகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவாள். நேற்று ராத்திரி பதின்மூன்று வரை பிடித்தேன்.

யாழ்_எம்ஆர்:

பதின்மூன்று போதும் அக்கா. ஒன்று மட்டும் பாருங்கோ, பழகும்போது நெஞ்சு முட்ட இழுத்துப் பிடிக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த இடத்திலிருந்து ஒரு லிட்டர் மட்டும் இழுத்துப் பிடித்துப் பழகுங்கோ. பையில் அவ்வளவுதான் இருக்கும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பையை ஊதி வைத்து அதிலிருந்து ஒருதரம் இழுத்துப் பார்த்தால் அளவு பிடிபட்டுவிடும், மகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கோ.

வடக்குக்காற்று:

சரி தம்பி. இன்றைக்கு ராத்திரி அப்படியே செய்து பார்க்கிறோம்.